பக்கத்துக்கு ஒரு தட்டு

அக்கா: நிறுத்து, நிறுத்து… என்னடா படிக்குது இது?

தம்பி: ஏன்க்கா, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. மறுபடியும் போடேன்.

கருவி: முகாமுக்கு வந்த பயணிகள் உடனே துறைமுக மேலதிகாரியின் மனைவி சுடுநீரில் குளிப்பாட்டப்பட்டு விருந்தினரை வரவேற்றார் அவர்களுடைய துணிகள் யாவும் மாலையில் நடந்த நடனத்தில் கழற்றி எரிக்கப்பட்டன பலரும் கலந்துகொண்டனர்.

தம்பி: பின்ன? அப்படி ஒரு நடனம்னா பலரும் கலந்துக்கத்தான் செய்வாங்க.

அக்கா: சீ, வாயை மூடு. பக்கத்தை நடுவுல ரெண்டாப் பிரிச்சு அச்சடிச்சிருக்கான், செய்தித்தாள் மாதிரி. இந்த மக்கு இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கம் ஒரு வரின்னு குறுக்கால இழுத்துக்கிட்டுப் போகுது.

தம்பி: என் ஆய்வேட்டுல இந்த மாதிரி ரெண்டு வரி இருந்தா, என் வழிகாட்டி கொட்டாவி விடாம படிப்பாரு.

அக்கா: தொற்றுநோய் முகாமோட வரலாறு எழுதுறவன் பேசுற பேச்சா இது? சரி, இந்த ஆளு வேண்டாம். இதுக்கு என்ன பேரு வெச்சோம்?

தம்பி: பட்டாளத்தான். குரலைக் கேட்டாலே எழுந்து நிக்கத் தோணுது.

அக்கா: பட்டாளத்தானை அனுப்பியாச்சு. இன்னும் மூணு மென்பொருள் இறக்கி வெச்சிருக்கேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிடணும்.

தம்பி: எதுக்கு இப்படிக் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி…

அக்கா: எத்தனை தடவைடா சொல்றது? பெரியம்மாவுக்கு முட்டியில ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லை. நான் போனா எப்ப திரும்புவேனோ தெரியாது. அதுவரைக்கும் உனக்கு யாரு படிச்சுக் காட்டுவா? உனக்குக் கண்ணு தெரிஞ்சா நான் ஏன் கவலைப்படப் போறேன்? சூட்கேஸைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்.

தம்பி: கண்ணு தெரிஞ்சிருந்தா நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டே. ஏதோ ரெண்டு அவிஞ்சு கிடக்கப் போய், தினமும் பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டுறே.

அக்கா: அடி வாங்குவே. அடுத்ததைப் போடுறேன், ஒழுங்காக் கேளு.

கருவி: துறைமுகத் தனிமை முகாம்களின் வரலாறு, தொகுதி இரண்டு, பக்கம் எண்பத்தெட்டு. நோயாளிகள் தங்கிய கூடத்தில் மொத்தம். துறைமுகத் தனிமை முகாம்களின் வரலாறு, தொகுதி இரண்டு, பக்கம் எண்பத்தொன்பது. பன்னிரண்டு சன்னல்கள் இருந்தன. படம் மூன்றைப் பார்க்கவும்.

தம்பி: பார்த்துட்டேன்.

அக்கா: எதை?

தம்பி: படம் மூணை. பார்க்கச் சொல்லிச்சே. பெரியவங்க சொன்னா தட்டக் கூடாது.

அக்கா: உன் குசும்புக்கு ஒரு அளவே இல்லை… ஒவ்வொரு பக்கத் தலைப்புலயும் புத்தகத்தோட பேரு அச்சடிச்சிருக்கு. இது ஒண்ணு விடாமப் படிக்குது. வாக்கியத்துக்கு நடுவுல வந்து ஜாதகம் வாசிக்குது.

தம்பி: குரலும் சரியில்லை. தூங்கி எழுந்து பல்லு விளக்காமப் பேசுற மாதிரி இருக்கு. தூங்குமூஞ்சி.

அக்கா: நான் இதே பக்கத்தைப் படிச்சேனே, ஞாபகம் இருக்கா? படம் மூணு வந்தப்ப என்ன சொன்னேன்?

தம்பி: "சன்னலெல்லாம் கூரைக்கிட்ட இருக்குடா. உள்ள நிக்கிறவனுக்கு வானம் மட்டும்தான் தெரியும். கடல் தெரியாது, கரை தெரியாது, வந்த கப்பல்கூடத் தெரியாது."

அக்கா: அட. அப்படியே சொல்றியே.

தம்பி: என் மூணாவது அத்தியாயமே அதுலதானே ஆரம்பிக்குது. வழிகாட்டி கேட்டாரு, "படத்தை இவ்வளவு நல்லாப் பார்த்திருக்கியே, எப்படி?"ன்னு.

அக்கா: நீ என்ன சொன்னே?

தம்பி: "வீட்டுல ஒரு ஜோடிக் கண்ணு வேலைக்கு வெச்சிருக்கேன், சம்பளம் கிடையாது"ன்னேன்.

அக்கா: ம்… அந்த வழிகாட்டி என்னை ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து பார்த்திருக்காரா? விடு. மூணாவதைப் பார்ப்போம். இது நல்ல ஆளுன்னு போட்டிருந்துச்சு. குறிப்பு எழுதலாமாம், கோடு போடலாமாம், தேடினா வார்த்தை கிடைக்குமாம்.

தம்பி: ஸ்கேன் பண்ணின பக்கத்தைப் படிக்குமா, அதைக் கேளு. நம்ம கையில இருக்கிறதுல பாதி ஆவணக் காப்பகத்துல படம் பிடிச்சது.

அக்கா: இரு, போடுறேன்.

கருவி: வெற்றுப் பக்கம். வெற்றுப் பக்கம். வெற்றுப் பக்கம். ஆவணத்தின் முடிவு.

தம்பி: முடிஞ்சுது. என்னா வேகம்! இதை முன்னாடியே வாங்கியிருந்தா போன வருஷமே பட்டம் வாங்கியிருப்பேன்.

அக்கா: அந்த ஆவணத்தை நான் பத்து நாளு உட்கார்ந்து படிச்சேன்டா. பூச்சி அரிச்ச எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்து… வெற்றுப் பக்கமாம்! இதுக்குக் கண்ணு உன்னைவிட மோசம்.

தம்பி: அப்போ மூணும் போச்சு. நீயே போதும்க்கா. பெரியம்மாகிட்ட ஒரு நர்ஸை வெச்சுக்கச் சொல்லு.

அக்கா: நாலாவது இன்னும் இருக்கு.

தம்பி: மறுபடியும் மணி பார்க்கிறியா?

அக்கா: இல்லையே.

தம்பி: சுவர்க் கடிகாரம் உனக்குப் பின்னாடி இருக்கு. நீ திரும்புறப்பல்லாம் நாற்காலி கிறீச்சுங்குது. காலையிலேர்ந்து அது கிறீச்சிட்டே இருக்கு.

அக்கா: எண்ணெய் விடணும்… அதான்.

தம்பி: நாற்காலிக்கா, பெரியம்மா முட்டிக்கா?

அக்கா: என்ன கிண்டல்?

தம்பி: ஒண்ணுமில்லை. பெரியம்மா நேத்து எனக்கு போன் பண்ணினாங்க.

அக்கா: …பண்ணி?

தம்பி: மூச்சு வாங்கிச்சு அவங்களுக்கு. "ஏன் பெரியம்மா?"ன்னேன். "மாடியில துணி காயப் போட்டுட்டு ஓடி வந்தேன்டா"ன்னாங்க. ஓடி வந்தாங்களாம்.

அக்கா: அது… இன்னொரு முட்டி.

தம்பி: எது? ஓடினது இன்னொரு முட்டியா? அப்போ நொண்டிக்கிட்டே ஓடியிருக்காங்க.

அக்கா: நீ இப்ப கருவியைக் கேக்கப் போறியா, இல்லை பெரியம்மா முட்டியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறியா?

தம்பி: சரி, சரி. நாலாவதைப் போடு.

கருவி: முகாமின் சமையற்கூடம் தெற்குச் சுவரை ஒட்டி அமைந்திருந்தது. விறகும் தானியமும் வாயிற்காவலர் வழியாக உள்ளே அனுப்பப்பட்டன. உள்ளே சென்ற எந்தப் பாத்திரமும் வெளியே வர அனுமதிக்கப்படவில்லை. பக்கம் நூற்றிரண்டு.

அக்கா: டேய்… இது நல்லாப் படிக்குதுடா.

தம்பி: ம்.

அக்கா: இது ஸ்கேன் பண்ணின பக்கம்தான். அதையும் படிக்குது. குறுக்கால போகலை. தலைப்பைச் சொல்லலை. பக்கம் முடிஞ்சதும் அச்சுப் புத்தகத்துல இருக்கிற பக்க எண்ணையே சொல்லுது பார்த்தியா? மேற்கோள் காட்டும்போது உனக்கு அதுதானே முக்கியம்?

தம்பி: கொஞ்சம் மெதுவாப் படிக்குது.

அக்கா: மெதுவாவா! எனக்கே பொரி பொரியிற மாதிரி இருக்கு.

தம்பி: …அது வந்து, பழகினா வேகமாக் கேக்கலாமாம். சொல்றாங்க.

அக்கா: அடிக்குறிப்பு வந்தா என்ன பண்ணுதுன்னு பார்க்கணுமே.

தம்பி: எஃப் எட்டை அமுக்கு. அடிக்குறிப்பைத் தனியாப் படிச்சுட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வந்துடும்.

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்? இப்பத்தானே திறந்தேன்.

தம்பி: எல்லாத்துலயும் அப்படித்தான்க்கா. ஊரறிஞ்ச விஷயம்.

அக்கா: மத்த மூணுலயும் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன், அடிக்குறிப்பு வரலையே.

தம்பி: அதனாலதானே அதையெல்லாம் வேண்டாம்னோம்… ஆனா இதுவும் எனக்கு ஒத்து வரலை.

அக்கா: ஏன்? இதுக்கு என்ன குறை?

தம்பி: மூச்சு விட மாட்டேங்குது.

அக்கா: மூச்சு விடாதது ஒரு குறையா!

தம்பி: நீ ஒரு நீள வாக்கியம் வந்தா நடுவுல மூச்சு இழுப்பே. அப்பவே எனக்குத் தெரியும், ஏதோ பெருசா வருதுன்னு. இது மொட்டையாப் போகுது.

அக்கா: அடேங்கப்பா. துரைக்கு மூச்சு வேணுமாம்.

தம்பி: தட்டும் இல்லை. பக்கம் திருப்பினா மேசையில ஒரு தட்டு, அடிக்குறிப்புன்னா ரெண்டு தட்டு. மேற்கோள்னா குரலைத் தாழ்த்துவே. உன் சொந்தச் சரக்குன்னா மூக்கால பேசுவே. இந்த வசதியெல்லாம் எந்த மென்பொருள்ல இருக்கு, சொல்லு.

அக்கா: அதுல ஒரு தடவை கோட்டை விட்டுத்தானே உன் மானமே போச்சு.

தம்பி: என் மானமா? உன் ஜலதோஷம்!

அக்கா: அதுக்கு நான் என்னடா பண்றது? மூக்கு அடைச்சுக்கிச்சு. புத்தகம் முழுக்க மூக்காலதான் வந்துச்சு.

தம்பி: எது அந்த மனுஷன் எழுதினது, எது நீ சொன்னதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் பக்தியா டைப் அடிச்சுக்கிட்டே வரேன். முகாம்ல அத்தனை பேரு அடைபட்டுக் கிடந்தாங்க, மருத்துவர் பேரு இருக்கு, காவலர் பேரு இருக்கு, நாய்க்குக்கூடப் பேரு இருக்கு…

அக்கா: "எல்லாருக்கும் சமைச்சுப் போட்டவளும் உள்ளதானே அடைபட்டிருந்தா? அவ பேரு எங்கே?"

தம்பி: அதேதான். அதை அழகாச் செந்தமிழாக்கி, மேற்கோள் குறி போட்டு, பக்க எண்ணும் போட்டு, "என்று நூலாசிரியரே வருந்துகிறார்"னு எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிட்டேன்.

அக்கா: தான் எழுதின புத்தகத்தைப் பத்தித் தானே வருத்தப்படுற ஆசிரியரை நீதான்டா கண்டுபிடிச்சே.

தம்பி: கட்டுரையைச் சரிபார்த்த பேராசிரியை என்ன எழுதியிருந்தாங்க? சொல்லு.

அக்கா: அதான் ஊருக்கே தெரியுமே.

தம்பி: உன் வாயால சொல்லு. எனக்குக் கேக்கணும்.

அக்கா: "குறிப்பிட்ட பக்கத்தில் இந்த வரி இல்லை. புத்தகம் முழுவதும் தேடினேன், எங்கேயும் இல்லை. ஆனால் இந்தப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய வரி இது ஒன்றுதான். யாருடையது?"

தம்பி: பார்த்தியா, மனப்பாடமா வெச்சிருக்கே.

அக்கா: உனக்குப் படிச்சுக் காட்டினதுதானே…

தம்பி: மூணு தடவை படிச்சுக் காட்டினே. நான் ஒரு தடவைதான் கேட்டேன். பாரு, மறுபடியும் கிறீச். இப்பவும் மணி பார்த்தே.

அக்கா: ஆமா, பார்த்தேன்! நாலே கால் ஆச்சு. போதுமா?

தம்பி: அஞ்சு மணிக்கு என்னக்கா?

அக்கா: யாரு சொன்னா அஞ்சு மணின்னு?

தம்பி: பெரியம்மா முட்டி சொல்லிச்சு.

அக்கா: விளையாடாதே. எனக்குத் தலை வெடிக்குது.

தம்பி: நீ போன மாசம் பூரா குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டு யாருக்கோ பதில் சொல்லிட்டிருந்தே. "மதிப்புக்குரிய குழுவினரே, நான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்…" தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சே. அக்கா, எனக்குக் காதுதான் கண்ணு.

அக்கா: அய்யோ… எவ்வளவு கேட்டே?

தம்பி: காரணத்தை மட்டும் நீ தினமும் மாத்திக்கிட்டே இருந்தே. கடைசியாச் சொன்னதுதான் நல்லா இருந்துச்சு.

அக்கா: எது?

தம்பி: "முகாம்களைக் கட்டினவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அங்கே சமைத்தவர்கள், துவைத்தவர்கள், பிணம் குளிப்பாட்டியவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை. நான் கேட்கப் போகிறேன்." மயிர்க்கூச்செறிஞ்சுது. கதவுக்கு வெளியில துண்டோட நின்னுக்கிட்டிருந்தேன், கால் மரத்துப் போச்சு.

அக்கா: அப்போ ஆரம்பத்துலேர்ந்தே தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை இந்தப் பாடு படுத்துறியா?

தம்பி: இடம் கிடைச்சுதுன்னு தெரியாது. கிடைச்சுதா?

அக்கா: …கிடைச்சுது.

தம்பி: சத்தமாச் சொல்லு.

அக்கா: கிடைச்சுதுடா! அந்தப் பேராசிரியைகிட்டயே ஆராய்ச்சி பண்ண இடம் கிடைச்சிருக்கு. உதவித்தொகையும் தராங்க. அங்கேயே போய்த் தங்கணும். வரேனா இல்லையான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்.

தம்பி: யக்கோவ்!

அக்கா: கத்தாதே, அக்கம்பக்கத்துல கேக்கும்.

தம்பி: கேக்கட்டும்! மருந்துக் கடையில பில் போடுற என் அக்கா, எனக்குப் பாடம் படிச்சுக் காட்டின கையோட அஞ்சல் வழியில எம்.ஏ. எழுதின என் அக்கா… இரு, சன்னலைத் திறக்கிறேன். தெருவுக்கே கேக்கணும்.

அக்கா: உட்காருடா. உட்காருன்னா… நான் போகலை.

தம்பி: என்னது?

அக்கா: போகலைன்னு முடிவு பண்ணிட்டேன். இந்த நாலுல ஒண்ணாவது உனக்கு ஒத்து வந்தா போகலாம்னு நினைச்சேன். மூணு குப்பை. நாலாவது மூச்சு விடலைங்கிறே. உன் ஆய்வேடு கடைசிக் கட்டத்துல நிக்குது. அலமாரி நிறைய ஆவணம். இந்த நேரத்துல உன்னைப் பாதிக் கிணத்துல விட்டுட்டு, நான் போய் எனக்குன்னு ஒரு பட்டம்… நல்லா இருக்குமா?

தம்பி: அதுக்குத்தான் பெரியம்மா முட்டியா?

அக்கா: உன்கிட்டே "ஆராய்ச்சி பண்ணப் போறேன்"னு எப்படிடா சொல்லுவேன்? உன் புத்தகத்தைப் படிச்சுட்டு, உன் துறையிலயே, உனக்குப் போட்டியா… கூச்சமா இருந்துச்சு. பெரியம்மாவுக்கு முடியலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

தம்பி: இதுதான்க்கா எனக்குக் கோபம். அதனாலதான் ஒவ்வொண்ணாக் குறை சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ வாயைத் திறந்து சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன். முட்டிக்குத் தைலம் தேய்க்கப் போறேன்னு சொல்லிட்டு நீ இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. படிக்கப் போறேன்னு தலை நிமிர்ந்து சொல்லிட்டுப் போகணும்.

அக்கா: அப்போ மூச்சு விடலைன்னது?

தம்பி: சும்மா. நாலாவது ஆளு தங்கமான ஆளு.

அக்கா: என்னை அனுப்புறதுக்காகச் சொல்றே.

தம்பி: மடிக்கணினியை இப்படித் தள்ளு. தொடாதே, நானே பண்றேன். என்ன வேணும் உனக்கு, கேளு.

அக்கா: …சுகாதார ஆணையரோட அறிக்கையில, தண்ணித் தொட்டி உடைஞ்சதைப் பத்தி வருமே, அது.

கருவி: தேடல். தண்ணீர்த் தொட்டி. ஏழு இடங்கள். இரண்டாவது இடம், பக்கம் நாற்பத்தொன்று. தொட்டியின் அடிப்பகுதி பிளந்து, முகாமில் இருந்தோர் இரண்டு நாட்கள் கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்க நேர்ந்தது. குறிப்பு சேர்க்கப்பட்டது.

அக்கா: அடப்பாவி.

தம்பி: அட்டவணை வேணுமா? வரிசைத் தலைப்போட சேர்த்துப் படிக்கும். நான் எழுதுற குறிப்பெல்லாம் தனிக் கோப்பா வெளியில எடுத்துக்கலாம். நாளைக்கே இந்த மென்பொருள் காணாமப் போனாலும் என் குறிப்பு என்கிட்ட இருக்கும். இணையமும் தேவையில்லை. மின்சாரம் போனாலும் பேட்டரி தீர்ற வரைக்கும் படிக்கும். நீ மின்சாரம் போனா மெழுகுவர்த்தி தேடுவே.

அக்கா: விரல் அப்படி ஓடுதே… எப்போடா கத்துக்கிட்டே?

தம்பி: கேக்கிற நேரமா இது? மணி என்ன?

அக்கா: நாலே முக்கால்.

தம்பி: பதில் அனுப்பு.

அக்கா: அமுக்கக் கை வர மாட்டேங்குதுடா.

தம்பி: உனக்கா? பூச்சி அரிச்ச எழுத்துக்கெல்லாம் பூதக்கண்ணாடி பிடிச்ச கைக்கு ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாதா?

அக்கா: நீ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே? அம்மா வேற உப்பே போடாம…

தம்பி: அமுக்குக்கா!

அக்கா: …அமுக்கிட்டேன்.

தம்பி: போச்சா?

அக்கா: போயிடுச்சு. "வருகிறேன்"னு போயிடுச்சு.

தம்பி: இனிமே உன் பேரு என்ன? ஆய்வாளர். இந்த வீட்டுல இப்ப ரெண்டு ஆய்வாளர். அம்மா மார்க்கெட்டுலேர்ந்து வரட்டும், வாசல்லயே நிறுத்திச் சொல்றேன். பெருமை தாங்க முடியலைக்கா. எனக்குப் பட்டம் கிடைச்சாகூட இப்படி இருக்குமான்னு தெரியலை.

அக்கா: அழ வைக்காதே. மூக்கு அடைச்சா அப்புறம் எதைச் சொன்னாலும் நீ மேற்கோள் குறி போட்டுடுவே… ஏன்டா, ஒண்ணு கேக்கட்டுமா?

தம்பி: கேளு.

அக்கா: அஞ்சு மணிக்கு என்னன்னு கேட்டியே. கடைசி நேரம் இன்னிக்கு அஞ்சு மணின்னு அந்த ஆராய்ச்சிச் சேர்க்கை அறிவிப்புல மட்டும்தான் இருந்துச்சு. அது உன் மின்னஞ்சலுக்குத்தான் வந்துச்சு, இந்த வருஷ ஆரம்பத்துல. உன் கடிதமெல்லாம் வரிசையாப் படிச்சுக்கிட்டே வந்தேன். அது வந்ததும்… எனக்கு ஆசையாப் போச்சு. உனக்குத் தெரிய வேண்டாம்னு அதை மட்டும் படிக்காமத் தாண்டிட்டேன்.

தம்பி: ம். தாண்டினே.

அக்கா: அப்போ உனக்கு அதை யாரு படிச்சுக் காட்டினா? எஃப் எட்டு, வேகம், விரல் ஓடின ஓட்டம்… டேய், நாலாவது ஆளு உனக்குப் புது ஆளு இல்லையா?

தம்பி: துறைக் கணினியில ஒரு நண்பன் போட்டுக் கொடுத்தான். இந்த வருஷம் முழுக்க இந்த நாலாவது ஆளுதான் எனக்குப் படிக்கிறான். அலமாரியில இருக்கிற ஆவணமெல்லாம் முடிஞ்சுது. கடைசி அத்தியாயமும் எழுதிட்டேன்.

அக்கா: முடிச்சுட்டியா? அப்போ தினமும் கடையிலேர்ந்து வந்து, தொண்டை கட்டக் கட்ட நான் படிச்சது? நேர்காணல் எடுக்கிறது எப்படின்னு அந்தத் தடிப் புத்தகம்… அப்பவே கேட்டேன், உன் ஆளுங்கல்லாம் செத்து நூறு வருஷம் ஆச்சே, நீ யாரைப் போய் நேர்காணல் எடுக்கப் போறேன்னு. "பின்னால உதவும், படி"ன்னே. அப்புறம் அந்த ஆய்வு முறை, அந்த வாய்மொழி வரலாறு… அதெல்லாம் எதுக்குடா?

தம்பி: "உனக்காகப் படிக்கா"ன்னா நீ எங்கே படிச்சிருப்பே? எனக்கு வேணும்னாத்தான் நீ புத்தகத்தையே திறப்பே. நுழைவுத் தேர்வுக்கு என்னென்ன வேணும்னு அந்தப் பேராசிரியைகிட்டயே கேட்டு வாங்கி, ஒவ்வொண்ணா உன் கையில கொடுத்தேன்… அதுல ஒரு புத்தகம்கூட எனக்காக இல்லக்கா.